எட்டு ரூபாய் வடை



விலைவாசி உயர்வைப் பற்றி எழுதுவதென்றால் தங்கம், பெட்ரோல், வீட்டு வாடகை என்று பெரிய பெரிய விஷயங்களைத்தான் எழுத வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். நான் எழுத வந்திருப்பதோ ஒரு வடையைப் பற்றி. சிரிக்க வேண்டாம். களமருதூர்ப் பேருந்து நிறுத்தத்தில் மாலை நான்கரை மணிக்கு நிற்கும் நமக்குத் தங்கத்தின் விலை தெரியாது. வடையின் விலை நன்றாகத் தெரியும்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு மாலை. வழக்கம்போல் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினேன். வடை சுடும் ஆயா அதை வாங்கிக்கொள்ளவில்லை. "இனிமே எட்டு ரூவா, கண்ணு. கட்டுப்படி ஆவல" என்றார். பின்னால் நின்ற தோழியர் கூச்சலிட்டனர். "பகல் கொள்ளை" என்றாள் ஒருத்தி. "நாளையிலிருந்து யாரும் வாங்கக் கூடாது" என்றாள் இன்னொருத்தி. நானும் என் பங்குக்கு, "தங்கத்திலயா சுடறீங்க ஆயா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தனர். ஆயா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அன்றிரவு அந்தச் சொல் என்னை உறுத்தியது. ஐந்து எப்படி எட்டாயிற்று? கொள்ளை என்று சொல்லிவிட்டோம். கொள்ளைப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தோமா? அந்தச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆயாவின் வீட்டுக்குப் போனேன். இக்கட்டுரை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பிறந்தது.

ஆயாவின் கணக்கு

ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் கணக்கில் ஒரு காசு பிசகவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

கடலைப்பருப்பு இரண்டு கிலோ 180 ரூபாய். பாமாயில் ஒன்றரை லிட்டர் 195 ரூபாய். வெங்காயம் ஒன்றரைக் கிலோ 60 ரூபாய். பச்சை மிளகாய், இஞ்சி, சோம்பு, கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்து 45 ரூபாய். அடுப்புச் செலவு 90 ரூபாய். மடித்துக் கொடுக்கும் காகிதம் 15 ரூபாய். ஆக மொத்தம் 585 ரூபாய்.

இரண்டு கிலோ பருப்புக்கு 110 வடை வரும். உடைந்தது, மிஞ்சியது, பசியோடு வந்து நிற்கும் குழந்தைக்குச் சும்மா கொடுத்தது என்று ஐந்து போக, விற்பது 105. ஐந்து ரூபாய்க்கு விற்றால் கையில் வருவது 525 ரூபாய். அதாவது அறுபது ரூபாய் நஷ்டம்! எட்டு ரூபாய்க்கு விற்றால் 840 ரூபாய். மிச்சம் 255 ரூபாய்.

"அப்போ 255 ரூபாய் லாபம்தானே ஆயா?" என்றேன். ஆயா இடுப்புச் சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினார். அதில் ஒரு சிறு அட்டை. அது தண்டல் அட்டை. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறுதான் கையில் கொடுத்தார்களாம். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்து கடை போடாவிட்டாலும் மாலையில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். அந்த நூறும் போக ஆயாவுக்கு மிஞ்சுவது 155 ரூபாய். பகல் ஒரு மணிக்குப் பருப்பு அரைக்கத் தொடங்கி இரவு எட்டு மணிக்கு அடுப்பை அணைக்கும் வரையில் ஏழு மணி நேரம் நெருப்பின் முன் நின்றதற்கு இதுவே கூலி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதில் பாதிகூட ஆயாவுக்கு இல்லை. நாங்கள் கொள்ளைக்காரி என்று அழைத்தது இவரைத்தான்.

உளுந்தூரில் விளைவதும் உலகத்தில் விளைவதும்

நம் வட்டத்தின் தலைநகர் உளுந்தூர்ப்பேட்டை. பெயரிலேயே உளுந்து இருக்கிறது. மிளகு மூட்டைகளை உளுந்து என்று பொய் சொல்லிக் கொண்டுபோன வணிகரின் மிளகெல்லாம் உளுந்தாகவே மாறிவிட்டதாக உளுந்தாண்டார் கோயிலைப் பற்றி இப்பக்கத்துப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். அந்நாளில் மிளகு விலை உயர்ந்தது, உளுந்து மலிவு! இன்று உளுந்தும் எளிதில் வாங்கும் பொருளாக இல்லை. உளுந்துக்கு மைய அரசு அறிவித்த ஆதரவு விலை 2014-15இல் குவிண்டாலுக்கு 4,350 ரூபாய். 2025-26இல் 7,800 ரூபாய். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். உளுந்தும் வேர்க்கடலையும் நல்ல விலைக்குப் போனால்தான் நம் வீட்டில் புத்தகம் வாங்கப் பணம் இருக்கும். உழவருக்கும் விலை கிடைக்க வேண்டும், வடையும் ஐந்து ரூபாயிலேயே இருக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்பது எப்படி?

நிற்க. வடையின் செலவில் பருப்பைக் காட்டிலும் எண்ணெய் அதிகமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆயாவின் சிறு வயதில் பலகாரம் என்றால் கடலெண்ணெய்தானாம். நம்மைச் சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லைகள் இருக்க, இன்று வாணலியில் காய்வதோ கடல் கடந்து வரும் பாமாயில். மலிவு என்பதால் சிறு கடைகள் எல்லாம் அதற்கு மாறிவிட்டன. இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. சூரியகாந்தி எண்ணெய் உக்ரைன், ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இந்தோனேசியா தன் நாட்டில் விலையை அடக்குவதற்காகப் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது. பின்னர் 2024 செப்டம்பரில் நம் அரசு, எண்ணெய்வித்து உழவர்களைக் காப்பதற்காக, கச்சா பாமாயில் மீது 20 விழுக்காடு அடிப்படைச் சுங்க வரி விதித்தது. 2025 மே மாத இறுதியில் அதை 10 விழுக்காடாகக் குறைத்தது. இந்தச் செய்திகளில் ஒன்றேனும் ஆயாவின் காதில் விழுந்திருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் அவர் வாணலியில் வந்து விழுந்தது.

எரிபொருளுக்கும் இதே கதைதான். வீட்டுக்கு வரும் சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். கடைக்காரர் 19 கிலோ எடையுள்ள வணிகச் சிலிண்டரையே வாங்க வேண்டும். அது 2021 நவம்பர் 1ஆம் நாள் ஒரே மூச்சில் 260 ரூபாய்க்கு மேல் ஏறிச் சென்னையில் 2,133 ரூபாயைத் தொட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் தில்லியில் 2,355 ரூபாய் ஐம்பது காசுக்கு விற்றது. அதன் பிறகு இறங்கியதும் உண்டு, ஏறியதும் உண்டு. வீட்டுச் சிலிண்டருக்கு 5 விழுக்காடு சரக்கு சேவை வரி. வணிகச் சிலிண்டருக்கோ 18 விழுக்காடு. பெரிய ஓட்டல்கள் வாங்கும் பொருளுக்கு அவை செலுத்தும் அதே வரியைத் தெருவோர அடுப்பும் செலுத்துகிறது. ஆயா பாதி விறகிலும் பாதி காஸிலுமாகச் சமாளிக்கிறார். விறகுப் புகையில் அவர் கண் சிவந்திருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்; கேட்டதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. சென்னைக் கடைகளில் 2025 செப்டம்பர் முதல் நாள் தொட்டு 12 ரூபாய் டீ 15 ரூபாய் ஆயிற்று. அதே ஆண்டு தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தில் தெருக்கடைச் சட்னியில் தேங்காயைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் வயல்களை மூழ்கடித்ததும் நமக்கு நினைவிருக்கும். எங்கே எது நடந்தாலும் அதன் கடைசிப் படியில் ஒரு ஆயா அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கிறார்.

ஏறாத விலையும் விலைதான்

"இத்தனை நாள் அஞ்சு ரூபாய்க்கு எப்படிக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். ஆயா உள்ளங்கையை விரித்து, "மொதல்ல இம்மாம் பெரிசு தட்டினேன். அப்புறம் இம்மாம். அப்புறம் இம்மாம்" என்று விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார். "இன்னும் சின்னதா தட்டினா அது வடை இல்ல கண்ணு, சீடை!" என்று அன்றைக்குத்தான் சிரித்தார்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். வடையின் விலை ஐந்து ரூபாயிலேயே நின்றிருந்த நாட்களிலும் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. அது நம் கண்ணுக்குப் படாத இடத்தில் ஏறியது. ஒரு நாள் வடை சிறுத்தது. இன்னொரு நாள் வெங்காயம் குறைந்தது. மற்றொரு நாள் நேற்றைய எண்ணெய் இன்றும் காய்ந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உடலுக்குத் தீங்கான சேர்மங்கள் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. ஐந்து ரூபாய்க்கு மேல் தரமாட்டோம் என்று நாம் அடம் பிடிக்கும்போது, "கறுத்த எண்ணெயில் சுட்டுக் கொடுங்கள்" என்று சொல்லாமல் சொல்கிறோம். மூன்று ரூபாயை மிச்சம் பிடித்து வயிற்று வலியை வாங்குவது என்ன புத்திசாலித்தனம்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஆயாவிடம் மூன்று ரூபாய்க்கு வாதாடும் நாம், பக்கத்துக் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டிடம் வாதாடுகிறோமா? அதன் மேல் அச்சிட்ட விலை மாறுவதில்லை. உள்ளே இருக்கும் கிராம்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. பாதிப் பை வெறும் காற்று. அச்சடித்த விலை என்றால் வாய் மூடிக் கொடுத்துவிடுகிறோம். மனிதர் வாயால் சொல்லும் விலை என்றால் மட்டும் பேரம் பேசுகிறோம். முகம் தெரியாதவரிடம் பணிவும், முகம் தெரிந்தவரிடம் கோபமும் காட்டுவது நியாயமா?

இட்லியும் என் தோழியும்

இதோடு நிறுத்தியிருந்தால் என் கட்டுரை எளிதாக முடிந்திருக்கும். "ஆயாவுக்கு எட்டு ரூபாய் கொடுப்போம்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஒருத்தி என்னை அப்படி முடிக்க விடவில்லை.

அவள் பெயர் வேண்டாம். முதல் பேருந்தில் வருபவள். அவள் தாய் விடியற்காலையில் களையெடுக்கப் போய்விடுகிறார். சமைக்க நேரமில்லாததால் தினமும் பத்து ரூபாய் கொடுக்கிறார். பேருந்து நிறுத்தத்தில் காலையில் இட்லி விற்கும் அக்காவிடம் ஐந்து ரூபாய் வீதம் இரண்டு இட்லி. அதுதான் அவளுடைய காலை உணவு. இட்லி ஏழு ரூபாய் ஆனது. பத்து ரூபாய்க்கு ஒரே இட்லி, மிச்சம் மூன்று ரூபாய். அந்த மூன்றைச் சேர்த்து வைப்பாள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் ஒன்று, மூன்றாம் நாள் கையில் பதினாறு ரூபாய் இருப்பதால் இரண்டு. இதை அவளாக எனக்குச் சொல்லவில்லை. இரண்டாம் பாடவேளையில் அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகிறாளே என்று நான் துருவித் துருவிக் கேட்டபோது, "பசியை அடக்கத்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

இட்லி அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதுவும் ஆயாவின் கணக்கைப் போலத்தான் இருக்கும். அவர் ஏழு ரூபாய் கேட்பது நியாயம். என் தோழியின் தாயால் பத்து ரூபாய்க்கு மேல் தர முடியாததும் உண்மை. இருவருமே ஏழைகள். விலைவாசி உயர்வின் மிகப் பெரிய கொடுமை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: எங்கோ தொலைவில் முடிவாகும் விலைக்காக இங்கே ஓர் ஏழை இன்னோர் ஏழையோடு சண்டையிட வேண்டியிருக்கிறது. நமக்கு வடை நொறுக்குத் தீனி. ஆனால் சாலைப் பணியாளருக்கும், மூட்டை தூக்குபவருக்கும், என் தோழிக்கும் தெருக்கடைப் பண்டம் சாப்பாடு. நாம் வாங்காமல் இருந்துவிடலாம். அவர்கள் என்ன செய்வார்கள்?

என்ன செய்யலாம்?

தெருக்கடைக்காரரைக் குறைந்த விலைக்கு விற்கச் சொல்லிப் பசியைத் தீர்ப்பது முறையன்று. பசியைத் தீர்ப்பது சமுதாயத்தின் கடமை. நம் மாநிலம் இதில் யாருக்கும் பின்தங்கியதன்று. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி இலவசம். 2013 பிப்ரவரியில் சென்னையில் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் தொடங்கியது. ஆனால் அது நகரங்களோடு நின்றுவிட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆயினும் அந்த விரிவின்படியும் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கே. மதியச் சத்துணவோ பத்தாம் வகுப்பு வரைக்கே. மேல்நிலை வகுப்புக்கு வந்துவிட்ட என் தோழிக்கு இரண்டும் இல்லை. பசி என்ன, வகுப்புத் தேர்ச்சி பார்த்தா விலகுகிறது? காலை உணவை மேல்வகுப்புகளுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, கடன். தெரு வியாபாரிகளைக் காக்க 2014இல் ஒரு சட்டம் வந்தது. 2020 ஜூனில் பிணையின்றிப் பத்தாயிரம் ரூபாய் கடன் தரும் திட்டமும் வந்தது. இரண்டும் நகர வியாபாரிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. களமருதூர் போன்ற கிராமத்தில் கடை போடுபவரும் அதே வெயிலில்தான் நிற்கிறார். அந்தக் கடன் ஆயாவுக்குக் கிடைத்தால் தண்டலுக்குப் போகும் நூறு ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சும். வடை விலையும் அடுத்த ஏற்றத்தைச் சிறிது தாங்கும். 2021 மே மாதம் முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதால், உளுந்தூர்ப்பேட்டைக்குப் போய் மொத்த விலையில் பருப்பு வாங்க முடிகிறது என்று ஆயாவே சொன்னார். சிறிய உதவி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். அதுபோல், தெருவோர அடுப்புகளுக்கேனும் காஸ் மீதுள்ள வரியைக் குறைக்கலாம்.

மூன்றாவது, நம் மண்ணின் பண்டங்கள். அவித்த வேர்க்கடலை, சுண்டல், மரவள்ளிக்கிழங்கு இவற்றுக்கு எண்ணெய் தேவையில்லை. மரவள்ளி நம் மாவட்டத்து விளைச்சல். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைகின்றன. வாரத்தில் இரண்டு நாள் நாம் கேட்டு வாங்கினால் ஆயா அவித்துக் கொடுக்கத் தயார். நானே கேட்டுவிட்டேன். "நீங்க துன்னா நான் அவிக்கிறேன்" என்றார்.

"எண்ணெய் விலை இறங்கினால் வடை விலை இறங்குமா?" என்று தோழியர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இறங்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எண்ணெய் ஏறிய ஒவ்வொரு முறையும் ஆயா விலையை ஏற்றவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அவர் தாங்கிய நாட்களின் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை.

கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை மாலை நான் ஆயாவிடம் பத்து ரூபாய்த் தாளை நீட்டி, "அன்னிக்குப் பேசினது தப்பு ஆயா" என்றேன். "அது கெடக்குது, போ" என்று வடையோடு இரண்டு ரூபாய் மீதியையும் கையில் வைத்தார். வேண்டாம் என்றேன். "கணக்கு கணக்குதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

இப்போது என் வகுப்பில் நாங்கள் சிலர் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு இட்லி கூடுதலாகக் கொண்டுவருகிறோம். யாருக்கு என்று சொல்லிக்கொள்வதில்லை. டப்பா நடுவில் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இதனால் நாட்டின் விலைவாசி குறைந்துவிடாது. ஆனால் இரண்டாம் பாடவேளையில் தண்ணீர்க் குழாய்க்குப் போகும் ஒருத்தி இப்போதெல்லாம் போவதில்லை. மற்ற வகுப்புகளிலும் அப்படிப் போகிறவர்கள் இருக்கக் கூடும். உங்கள் பக்கத்தில் உட்காரும் தோழியைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பீர்களா?